சார்ஜ் என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

"உங்க மாமியாருக்கு எல்லாம் சரியாயிடுச்சு. காய்ச்சல் இல்ல, தையல் பிரிச்சாச்சு, காலையிலேருந்து எங்களையே வேலை வாங்கிட்டிருக்காங்க. ஆனா வீட்டுக்கு அனுப்ப முடியாது" என்றாள் நர்ஸ்.

"ஏன் சிஸ்டர்?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"அந்த வார்த்தைய நிறுத்தி வச்சிருக்காங்க."

"எந்த வார்த்தைய?"

நர்ஸ் முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு குனிந்து, கெட்ட வார்த்தை சொல்கிறவள் மாதிரி, "டிஸ்சார்ஜ்" என்றாள்.

சொல் வாரியத்தின் ஆணை வந்து மாதங்கள் ஆகியிருந்தன; டிஸ்சார்ஜும் அதில் அடக்கம் என்பது சாவிக்காரருக்கு இப்போதுதான் தெரிந்தது. சார்ஜ் என்ற ஆங்கிலச் சொல்லும், அதன் தலையிலோ வாலிலோ ஒட்டிக்கொண்டு திரியும் மற்ற சொற்களும், தக்க தமிழ்ச் சொல் நிர்ணயிக்கப்படும் வரை எங்கும் புழங்கக் கூடாது. நிறுத்தியது சொல்லைத்தான். ஆனால் சொல் போனதும் அது பார்த்துக்கொண்டிருந்த வேலைகளும் கூடவே நின்றுவிட்டன. பஸ்ஸில் கண்டக்டர் வாய் திறக்காமல் கையை மட்டும் நீட்டினார். மனசு இருந்தவர்கள் கொடுத்தார்கள். செல்போன் கடைக்காரர் தன் பலகையில் பாதியைப் பழைய தாள் ஒட்டி மறைத்திருந்தார். காவல் நிலையத்தில் பிடித்து வைத்தவர்கள் மேல் என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் குணமாகிக் குணமாகிச் சேர்ந்துகொண்டே போனார்கள்.

மாமியார் கட்டிலில் புடவை மாற்றி, தலை வாரி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, விடமாட்டாங்களாமா?"

"வார்த்தை இல்லையாம் அத்தை."

"உள்ள வரும்போது நான் என்ன வார்த்தை சொல்லிட்டா வந்தேன்? மயக்கமாத்தானே வந்தேன். அப்படியே தள்ளிட்டு வந்தாங்க. இப்பவும் அப்படியே வெளியில தள்ளிடச் சொல்லுங்க."

"கேட்டுப் பார்த்தேன் அத்தை. முறைப்படிதான் அனுப்பணுமாம்."

சாவிக்காரரின் முகம் வாடியது. வாட வேண்டிய அளவுக்கு வாடியதா என்று மாமியார் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு, பையின் காதை இழுத்து முடிச்சுப் போட்டார்.

நூல் ஆலையில் பகல் ஷிஃப்டிலிருந்த மனைவி போனில் சொன்னது இவ்வளவுதான்: "வார்த்தை இல்லைன்னா போய் வாங்கிட்டு வாங்க. அம்மா இல்லாம வீட்டுப் படி ஏற வேணாம்."

போனில் பேட்டரி தீர்ந்துபோய், பேச்சும் அதோடு முடிந்தது.

*

சொல் வாரியத்தின் கூடம் பெரியது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர். அவருக்கு வலப்புறம் வேர்ப்பிரிவு அதிகாரி. ஒரு சொல் எங்கிருந்து முளைத்தது என்று தோண்டிப் பார்ப்பது அவர் வேலை. இடப்புறம் வாக்கியப் பிரிவு அம்மையார். சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்று எடுத்துக்காட்டுச் சேர்ப்பது அவர் வேலை. சுவரோரமாக மற்ற அலுவலர்கள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை.

"ஐயா, எங்க மாமியாரை..." என்று ஆரம்பித்தார் சாவிக்காரர்.

"நீங்கள் யார்?"

"சாவி செய்யறவன் சார். பூட்டு ரிப்பேரும் உண்டு."

"அறிஞரா?"

"இல்லைங்க."

"எந்தப் பட்டமாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

தலைவர் எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். "பொதுமகன் வந்துவிட்டார்" என்று தலைவர் தழுதழுத்த குரலில் அறிவித்தார். விதிப்படி, ஒரு பொதுமகன் எதிரில் அமராமல் எந்தச் சொல்லையும் நிர்ணயிக்கக் கூடாது. நாற்காலியைப் போட்டுவிட்டு அவர்கள் காத்திருந்தார்கள்.

"எவ்வளவு காலமா சார் காத்திருக்கீங்க?"

"அதை நாங்கள் கவனிப்பதில்லை. எங்களுக்குக் காலத்தைவிடச் சொல் முக்கியம்."

"விளம்பரம் கிளம்பரம் கொடுத்திருந்தா யாராவது வந்திருப்பாங்களே."

"விளம்பரம் பார்த்து வருகிறவன் ஆர்வலன். அவன் பொதுமகன் ஆகமாட்டான். பொதுமகன் தொல்லைப்பட்டு, தானாக வர வேண்டும்."

சாவிக்காரரின் தோளில் 'பொதுமகன்' என்று எழுதிய பட்டையைக் குறுக்கே போட்டுவிட்டார்கள். அது கொஞ்சம் சின்னது. அக்குளில் பிடித்தது. போட்டுக்கொள்ளும்போதே அவர், மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைச் சொல்லி முடித்தார்.

தலைவர் உரை நிகழ்த்தினார். "ஆங்கிலேயன் பஸ்ஸுக்குக் கொடுப்பதையும் சார்ஜ் என்கிறான். பேட்டரிக்கு ஏற்றுவதையும் சார்ஜ் என்கிறான். ஒருவன் மேல் குற்றம் சுமத்தினாலும் சார்ஜ், பதவியில் உட்கார்ந்தாலும் சார்ஜ், கம்பை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாலும் சார்ஜ். நாமோ கட்டணம், மின்னேற்றம், குற்றச்சாட்டு, பொறுப்பு, தாக்குதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். அவன் ஓர் ஆளை வைத்து முடிக்கிற வேலைக்கு நாம் ஐந்து ஆளை வைத்திருக்கிறோம். இது நமக்கு வெட்கம் இல்லையா? ஆகவே ஒன்றுக்கு ஒன்று. அதுதான் நமது கொள்கை. பொதுமகனுக்குப் புரிகிறதா?"

சாவிக்காரருக்குப் புரியவில்லை. சுவரோரம் அத்தனை பேனாக்களும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் "புரியுதுங்க" என்றார்.

"எழுதுங்கள். புரிகிறது."

அடுத்து வேர்ப்பிரிவு அதிகாரி எழுந்தார். சொல்லப்போனால், அந்தக் கூடத்தில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

"லத்தீனில் கார்ருஸ் என்றால் சுமை வண்டி. அதுவும் லத்தீன்காரர்களின் சொந்தச் சரக்கு இல்லை. பக்கத்தில் இருந்த 'கால்' என்ற பழைய இனத்தாரிடம் வாங்கியது. வண்டியில் ஏற்றுவதைக் கார்ரிகாரே என்றார்கள். அது பிரெஞ்சுக்காரர் வாயில் உருண்டு, ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. ஆதியில் ஒரே பொருள்தான். வண்டியில் சுமை ஏற்று. பிறகு அந்தச் சுமையை இறக்க இடமில்லாமல் ஒவ்வொன்றின் மேலும் ஏற்றினார்கள். மனிதன் தலையில் ஏறினால் பொறுப்பு. பேரில் ஏறினால் குற்றம். பொருளின் விலையில் ஏறினால் கட்டணம். துப்பாக்கியில் ஏறினால் மருந்து. பேட்டரியில் ஏறினால் மின்சாரம். சுமையை இறக்கிவிட்டால் டிஸ்சார்ஜ்."

"அழகா சொன்னீங்க சார்" என்றார் சாவிக்காரர். மனசாரத்தான் சொன்னார்.

"பாராட்டைக் குறிக்க வேண்டாம்" என்றார் தலைவர். "ஆக, நமது சொல் பாரம். டிஸ்சார்ஜ், பாரமிறக்கம். இனி வேர்ச்சோதனை."

வேர்ச்சோதனை என்றால், சொல் பிறந்த நிலையில் அதைப் பொதுமகன் ஒருமுறை அனுபவிப்பது. முற்றத்தில் ஒரு கைவண்டி நின்றது. சாவிக்காரரை அதில் ஏற்றி, இரண்டு அலுவலர்கள் கைப்பிடியைப் பிடித்து இழுக்க, தலைவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். அடுத்த கட்டடத்துச் சன்னல்களிலெல்லாம் தலைகள் முளைத்தன. தெருவோடு போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க சந்தைப் பக்கம் சாவிக்கடை வச்சிருக்கறவர்தானே?"

சாவிக்காரர் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பொதுமகன் என்ன உணர்கிறார்?" என்று கேட்டார் தலைவர்.

"வெட்கமா இருக்கு சார். இறக்கி விட்டுடுங்க."

"எழுதுங்கள். வெட்கம். இது இதுவரை எந்த அகராதியிலும் இல்லாத பொருள்." தலைவர் முகத்தில் வெளிச்சம் பரவியது. வண்டியை இன்னொரு சுற்று இழுத்துப்போகச் சொன்னார்.

*

"இனி ஒரே ஒரு வாக்கியம்தான்" என்றார் வாக்கியப் பிரிவு அம்மையார். மூக்குக்கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. "பாரம் என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அதைப் பதிந்த மறு நிமிடம் சொல் நடைமுறைக்கு வந்துவிடும். உங்கள் மாமியார் வீட்டுக்குப் போகலாம்."

சாவிக்காரருக்கு உயிர் வந்தது. "வண்டியில பாரம் ஏத்தினாங்க."

"யார் ஏற்றினார்கள்?"

"யாரோ."

"யாரோ என்றால் முடியாது. பழைய அகராதியில் நாங்களே வாக்கியங்களைக் கற்பனையாக எழுதிவிட்டோம். 'அரசன் நல்லாட்சி செய்தான்' என்று போட்டிருந்தது. எந்த அரசன் என்று ஒருவர் வந்து கேட்டார். எங்களால் ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை. அன்றிலிருந்து உண்மை வாக்கியம் மட்டும்தான் எடுப்பது. உங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லுங்கள்."

"எங்க மாமியார் எங்களுக்குப் பாரமே இல்லை."

"நல்ல மனசு. ஆனால் இல்லை என்று முடிகிற வாக்கியம் பொருளை விளக்காது. மாடு என்றால் என்ன என்று கேட்டால், இது மாடு இல்லை என்று நாற்காலியைக் காட்டுவது போல."

"சாவிக்கொத்து பாரமா இருக்கு."

அம்மையார் அவர் இடுப்பைப் பார்த்தார். கொத்தில் தொங்கியவை எல்லாம் சின்னச் சாவிகள். "பொய்" என்று மெதுவாகச் சொல்லி, அடுத்த கேள்விக்குப் போனார். "உங்கள் மாமியார் வீட்டில் எங்கே படுப்பார்?"

"முன்னறையில. ஒரு மடக்குக் கட்டில் இருக்கு."

"சாவி எங்கே செய்வீர்கள்?"

"கடையில முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டாந்து, அதே முன்னறையிலதான். பட்டறைப் பலகை, பிடிப்புக் கருவி, அரம் எல்லாம் இருக்கும்."

"அவர் படுத்திருக்கும்போது அரம் போடுவீர்களா?"

"எப்படிப் போடறது? கீச்சு கீச்சுன்னு சத்தம் வரும். அவங்க தூங்கி எழுந்திருக்கற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"இப்போது கட்டில் எங்கே?"

சாவிக்காரர் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "மடிச்சு கதவுக்குப் பின்னால சாத்தி வச்சிருக்கு."

"யார் மடித்தது?"

"நான்தான்."

"எப்போது?"

சாவிக்காரர் இடுப்புச் சாவிகளைத் தடவினார். அவர் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய அன்றைக்கே மடித்திருந்தார். பலகையைச் சன்னலோரம் நகர்த்திப் போட்டு, நல்ல வெளிச்சத்தில் வேலை பார்த்தார். தேங்கிக் கிடந்த பூட்டுகளையெல்லாம் முடித்தார். வாய்க்குள் பாட்டுக்கூடப் பாடியிருப்பார். 'என்ன, அம்மா இல்லாம ரொம்ப உற்சாகமா இருக்கீங்க போல' என்று மனைவி கேட்டபோது, 'சேச்சே, என்ன பேச்சு இது' என்று சொன்னவர்.

"சொல்லத் தேவையில்லை" என்றார் அம்மையார் கனிவாக. "வாக்கியம் உங்களுக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் அதை உண்டாக்கவில்லை. எங்களுக்கு அந்த அதிகாரமும் கிடையாது. அங்கே ஒரு வயதான பெண்மணி பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்றீர்களே."

பேனாக்கள் காத்திருந்தன. தலைவர் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தார். அத்தையை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தானே இதெல்லாம் என்று சாவிக்காரர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு வார்த்தைதானே. பேச்சு காற்றோடு போகிறது.

"எங்க மாமியார் எனக்குப் பாரம்."

பேனாக்கள் ஓடி நின்றன. பிறகு கைதட்டினார்கள்.

"எவ்வளவு இயல்பு" என்றார் தலைவர். "இத்தனை ஆண்டில் இப்படி ஒரு வாக்கியம் கிடைத்ததில்லை. குரலைக் கவனித்தீர்களா? வலிந்து சொன்னது போலவே இல்லை."

வேர்ப்பிரிவு அதிகாரி மட்டும் கைதட்டாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரருக்கு, அந்தக் கைதட்டலைவிட இது அதிகம் சுட்டது.

"இனி நான் போகலாமா சார்?"

"சேர்ந்தே போகலாம். வாக்கியத்தில் வருகிறவர் அதை உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் இல்லை என்றால் சொல் விழுந்துவிடும்."

"அவங்க எதுக்கு சார்? நான் சொன்னேனே, போதாதா?"

"நீங்கள் சொன்னவர். அவர் பொருள்" என்றார் தலைவர்.

*

விஷயம் தெரிந்து பெண்கள் வார்டு முழுக்கத் திரண்டிருந்தது. எல்லாக் கட்டிலிலும் கட்டிய பைகள். பக்கத்துக் கட்டில்காரி பிரசவத்துக்கு வந்தவள். வந்தபோது வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. சொந்தக்காரர்கள் வாசல்வரை நின்றார்கள்.

வாக்கியப் பிரிவு அம்மையார் தெளிவான உச்சரிப்பில் படித்தார். "எங்கள் மாமியார் எனக்குப் பாரம்."

மாமியார் மருமகனைப் பார்க்கவில்லை. "இன்னொரு தடவை படிங்கம்மா. காது கொஞ்சம் மந்தம்" என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அம்மையார் படித்தார், இன்னும் உரக்க. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"இதை மாப்பிள்ளை சொன்னாரா, நீங்க சொல்லச் சொன்னீங்களா?"

"நாங்கள் சொல்லித் தருவதில்லை அம்மா. அது குற்றம்."

"எழுத்துப் பிழை எதுவும் இல்லையே?"

"இல்லை."

"அப்ப நல்லா எழுதியிருக்கீங்க."

"உண்மைதானா என்று சொல்ல வேண்டும்" என்றார் தலைவர். "தாங்கள் இல்லை என்றும் சொல்லலாம். இந்த வாரியம் யாரையும் வற்புறுத்தாது. வேறு சொல் தேடுவோம். வேறு பொதுமகன் வரும் வரை காத்திருப்போம்."

பக்கத்துக் கட்டில்காரி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மாமியார் அவளைப் பார்த்தார், வரிசையாக உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பார்த்தார். கடைசியாகச் சாவிக்காரரைப் பார்த்தார். அவர் தலை கவிழ்ந்து, நர்ஸின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மைதான். எழுதிக்குங்க" என்றார் மாமியார்.

வார்டு கலைந்தது. போகிற ஒவ்வொருவரும் சாவிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். "உங்க புண்ணியம் அண்ணே." "நீங்க சொன்ன ஒரு வார்த்தையில எங்கம்மா வீட்டுக்கு வர்றாங்க." வயசான ஒருவர் கும்பிட்டே விட்டார். "உங்க மாமியார் மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் பாரமா இருந்தா, நாடு உருப்படும் தம்பி."

சாவிக்காரர் ஒவ்வொரு கும்பிடுக்கும் பதில் கும்பிடு போட்டார். நிறுத்தினால் அத்தை பக்கம் திரும்ப வேண்டியிருக்கும்.

வீட்டு வாசலில் மனைவி கேட்டாள். "ஏம்மா இவ்வளவு நேரம்?"

"வார்த்தை கிடைக்கலடி. மாப்பிள்ளைதான் அலைஞ்சு வாங்கிட்டு வந்தாரு."

"பரவாயில்லையே. அப்படி என்ன சொன்னீங்க அங்க?"

சாவிக்காரர் கட்டிலை விரிக்க உள்ளே போய்விட்டார்.

*

பாரம் என்ற சொல் அதிக நாள் ஓடவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் பாரம் கேட்டதையும், செல்போன் கடையில் 'இங்கே பாரம் ஏற்றப்படும்' என்று எழுதியதையும் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். வாரியத்தின் வாசலில்தான் சிக்கல் வந்தது. யார் இன்சார்ஜ் என்று காட்டும் பழைய பலகையை எடுத்துவிட்டு, கொள்கைப்படி புதிசு மாட்டினார்கள். 'தலைவர், இந்த வாரியத்தின் பாரம்' என்று அதில் இருந்தது. காலையில் வந்த தலைவர் அதைப் படித்தார். அலுவலர்கள் முகத்தைப் படித்தார். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் சொல்லைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 'பொதுமக்களின் உணர்வுகளை மதித்து' என்று காரணம் சொன்னார்கள். சார்ஜ், டிஸ்சார்ஜ் எல்லாம் பழையபடி வேலைக்குத் திரும்பின.

கேள்விப்பட்டதும் சாவிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு ஓடினார்.

"சார், சொல்லே ரத்தாயிடுச்சு. என் வாக்கியத்தையும் ரத்து பண்ணிடுங்க."

தலைவர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "சொல் எங்களுடையது. அதை நாங்கள் கொடுத்தோம், நாங்களே எடுத்துக்கொண்டோம். வாக்கியம் உங்களுடையது. அதில் கைவைக்க எங்களுக்கு உரிமை இல்லை."

"அது பொய் சார்."

"பொய்யா? சம்பந்தப்பட்டவரே ஒப்புக்கொண்டாரே."

வெளியே வரும்போது வேர்ப்பிரிவு அதிகாரி தாழ்வாரம்வரை கூட வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "அந்த லத்தீன் சொல்லை நான் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாமியார் முன்னறைக் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அவர் பகலில் படுப்பதில்லை. மாப்பிள்ளை அரம் போட வேண்டுமாம். உள்ளே சமையலறையில் மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம். சாவிக்காரர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். அரத்தை எடுத்தார், வைத்தார்.

"அத்தை."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அங்க நான் சொன்னது உண்மையில்ல அத்தை. உங்களைக் கூட்டிட்டு வரணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும் மாப்பிள்ளை."

மாமியார் ஒரு கீரைத்தண்டை ஒடித்தார்.

"அங்க சொன்னப்ப எத்தனை பேர் இருந்தாங்க?"

"நிறையப் பேர் அத்தை. வாரியத்துல ஒரு கூடம் நிறைய. அப்புறம் வார்டுல... உங்களுக்கே தெரியும்."

"இப்ப உண்மையில்லன்னு சொல்றீங்களே, இங்க எத்தனை பேர்?"

சாவிக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். பார்க்கிற அளவுக்கு அந்த அறை பெரிசில்லை.

"அவ உள்ளதான் இருக்கா" என்றார் மாமியார், குரலை உயர்த்தாமல். "அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. கூப்பிடட்டுமா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "அம்மா, என்னையா கூப்பிட்ட?" என்று மனைவியின் குரல் வந்தது.

மாமியார் மருமகனையே பார்த்தார். காத்திருந்தார். அவசரமே இல்லாமல் காத்திருந்தார்.

சாவிக்காரர் டம்ளரைத் தூக்கி, சூட்டோடு சூடாக டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணுமில்லடி" என்றார் மாமியார். "நீ வேலையப் பாரு."